தானே திறக்கும் கதவு

மைசூருக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர் எவரும், வந்த சில வாரங்களுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கண்ணம்பாடிக்குச் சென்று வருவது வழக்கம். சென்றவர்களில் பெரும்பாலோர் பிருந்தாவனத்தின் வண்ண விளக்குகளையும் நீரூற்றுகளையும் கண்டு களித்துவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவர். அந்தப் பூங்கா, பின்னாளில் திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயிலின் கலையுள்ளத்தில் மலர்ந்தது. அழகானதுதான், மறுப்பாரில்லை. ஆனால் பூங்காவுக்குப் பின்னே 8,600 அடி நீளத்திற்கு ஆரவாரமின்றி நிற்கும் கற்சுவரைப் பற்றியும், அதன் தோற்றத்தில் பெரும்பங்கு கொண்ட மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவைப் பற்றியும் நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

எளிமை என்றவுடன் கதராடை, மண்குடிசை, ஒருவேளை உணவு என்று நினைப்பது நம் வழக்கமாகிவிட்டது. அந்த அளவுகோலை எடுத்துச் சென்றால் விசுவேசுவரய்யா நமக்கு ஏமாற்றமே தருவார். மடிப்புக் கலையாத மேலைநாட்டு உடை, சரிகைத் தலைப்பாகை, நொடி பிசகாத கடிகாரம் ஆகியவற்றோடுதான் அவர் கடைசிவரை வாழ்ந்தார். அவருடைய எளிமை உடையில் இல்லை. அவர் செய்த பொருள்களில் இருந்தது. ஒரு வேலையைச் செய்ய எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் நிறுத்தி, மற்றதையெல்லாம் நீக்கிவிடும் திறமை அது. சொல்வதற்கு எளிது, செய்து பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும்.

அவர் பிறந்தது 1860-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், சிக்கபள்ளாப்பூரை அடுத்த முத்தேனஹள்ளிச் சிற்றூரில். குடும்பம் தெலுங்கு பேசுவது. தந்தை சீனிவாச சாஸ்திரி வடமொழிப் புலவர், தாய் வெங்கடலட்சுமம்மா. சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர், பெங்களூரில் தாய்மாமன் துணையோடும், பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்து ஈட்டிய சிறுபொருளோடும் படித்தார். 1881-இல் பி.ஏ. தேறினார். மைசூர் சமஸ்தானம் அளித்த உதவித்தொகை அவரைப் பூனாவின் அறிவியல் கல்லூரிக்குக் கொண்டுசென்றது. பொறியியல் தேர்வில் முதலிடம் பெற்று, 1884-இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியியலராகச் சேர்ந்தார்.

அங்கு அவரை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது சிந்து நாட்டின் சக்கர் நகரம். சிந்து நதி பெருக்கெடுத்தோடும் கரையில் நகரம். ஆனால் குடிக்கத் தெளிந்த நீர் இல்லை. ஆற்றுநீர் சேறாக வந்தது. நீரை வடிகட்டப் பெரிய தொட்டிகள் கட்டுவதே அன்றைய முறை. அதற்குரிய பணம் நகரசபையிடம் இல்லை. 1893-இல் அப்பொறுப்பை ஏற்ற இளைஞர் என்ன செய்தார்? ஆற்றுப் படுகையிலேயே கிணறு இறக்கினார். மணலினூடே கசிந்து கிணற்றுக்கு வந்த நீர் தெளிந்து வந்தது. அதை இறைத்துக் குன்றின்மேல் ஏற்றி ஊருக்கு விட்டார்.

வைகைக் கரையிலோ பாலாற்றங்கரையிலோ பிறந்த நண்பர்களுக்கு இதில் புதுமை தோன்றாது. கோடையில் ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் முகந்து குடம் நிரப்பும் நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாக அறிந்த உண்மைதான் அது. மணலைவிடச் சிறந்த வடிகட்டி வேண்டுமா? ஆயினும் ஒரு நகரத்தின் நாள் தேவையை அந்த ஊற்று தாங்குமா என்று கணக்கிட்டுத் துணிவதற்கு ஒரு பொறியியலர் வேண்டியிருந்தது. கல்வி கற்றவர் பலர் ஊற்றை மறந்துவிட்டுத் தொட்டியைத்தான் நினைப்பர்.

அடுத்து வந்தது வாய்க்கால். தக்காணத்தின் பாசனக் கால்வாய்களில் ஒரு பழைய நோய் இருந்தது. தலைமடையில் உள்ளவன் கரும்பு பயிரிட்டு நாள்தோறும் நீர் பாய்ச்சுவான். அவன் நிலம் ஊறி உவர் பூக்கும்; நீர் தேங்கிக் கொசு பெருகும். கடைமடையில் உள்ளவனோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். கண்காணிக்க ஆள் போட்டால் அந்த ஆளுக்குக் கையூட்டு. சட்டம் போட்டால் வழக்கு. விசுவேசுவரய்யா 1899-இல் வகுத்த தொகுதிப் பாசன முறையோ, காவலையும் சட்டத்தையும் பெருக்கவில்லை. நிலங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, கால்வாய் நெடுகப் பரப்பினார். ஒவ்வொரு தொகுதியிலும் கரும்பு, நெல், குறைந்த நீரில் விளையும் புன்செய்ப் பயிர் ஆகியவை முறை மாற்றிப் பயிரிடப்படும். நீரும் முறைவைத்து வரும். உழவர்கள் முதலில் ஐயுற்றனர். ஊர் ஊராகச் சென்று பேசினார். இன்னவனுக்கு இன்ன நாளில் நீர் உண்டு என்ற உறுதி வந்தபின் எதிர்ப்பு தணிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனிடம் திரும்பி வர வேண்டியிருக்கும்.

இனி அந்தக் கதவுக்கு வருவோம்.

நம் ஊர் ஏரிகளில் கலிங்கு பார்த்திருப்பீர்கள். ஏரி நிறைந்து மிகும் நீர் வழிந்தோட விட்ட வாயில் அது. அதன்மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். மழை முடியும் தறுவாயில், இன்னும் ஒரு முழம் நீர் நிறுத்தினால் பின்பயிருக்கு உதவுமே என்று, அந்தக் கற்களுக்கிடையே பலகையும் களிமண்ணும் வைத்து அடைப்பர். அடைத்த பிறகு நள்ளிரவில் பெருமழை கொட்டினால்? யாராவது ஓடிச்சென்று அடைப்பைப் பிடுங்கியாக வேண்டும். உறங்கிவிட்டால் கரை உடையும், ஊர் போகும். கொஞ்சம் கூடுதல் நீர் வேண்டுமானால் கொஞ்சம் கூடுதல் ஆபத்தையும் ஏற்றாக வேண்டும் என்பதே ஏரியின் நெறி.

பூனாவுக்கு அருகே முட்டா ஆற்றின் கடக்வாஸ்லா அணையிலும் இதே கதைதான். நகரத்திற்கும் கால்வாய்க்கும் நீர் போதவில்லை. எனவே ஆண்டுதோறும் வழிந்தோடியின்மேல் தற்காலிகமாக மண் அணை எழுப்பி நீர் தேக்கினர். வெள்ளம் வந்தால் அது அடித்துச் செல்லும். அணையையே உயர்த்தலாம், செலவு மிகுதி. பழைய சுவர் அந்தப் பளுவைத் தாங்குமா என்ற கேள்வியும் உண்டு. இரும்புக் கதவுகள் போட்டு ஆட்களை வைத்துத் திறக்கச் செய்யலாம். அப்போதும் உறங்கும் மனிதன் என்ற பழைய இடையூறு நீங்கவில்லை.

விசுவேசுவரய்யா அந்த மனிதனையே நீக்கிவிட்டார். கதவைச் சங்கிலியால் ஓர் எடைக்கட்டியோடு இணைத்தார். எடைக்கட்டி ஒரு கிணற்றுக்குள் தொங்கும். நீர்மட்டம் உரிய அளவுக்குக் கீழே இருக்கும்வரை எடை கதவை மூடிப் பிடித்துக்கொண்டிருக்கும். நீர் முழு மட்டத்தை எட்டியதும், அந்த மட்டத்தில் வைத்த வழியாகக் கிணற்றுக்குள் பாயும். நீரில் மூழ்கிய பொருள் எடை குறைவதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். கட்டியின் எடை குறையும்; தராசின் நிலை மாறும்; கதவு தானே திறக்கும். வெள்ளம் தணிந்தால் கிணற்றுநீர் வடியும். கட்டி தன் எடையை மீண்டும் பெறும். கதவு தானே மூடும். நீராவி இல்லை, மின்சாரம் இல்லை, காவற்காரன் இல்லை. எந்த வெள்ளத்தை அஞ்சினார்களோ அந்த வெள்ளமே கதவுக்குக் காவலாயிற்று.

1903-ஆம் ஆண்டளவில் அக்கதவுகள் அங்கே பொருத்தப்பட்டன. சுவரை உயர்த்தாமலே ஏரியில் சுமார் 8 அடி நீர் கூடுதலாக நின்றது. அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் தாம் பணிபுரியும் துறையிடமிருந்து அதற்குப் பணம் பெற மறுத்துவிட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பின்னர் குவாலியர் நாட்டின் திக்ரா அணையிலும், நம் கண்ணம்பாடியிலும் அவ்வகைக் கதவுகள் இடம்பெற்றன.

ஒரு கோலின் ஒரு நுனியில் வாளியும் மறுநுனியில் கல்லும் கட்டிய நம் துலா ஏற்றத்திற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. இத்தனை எளியதை முன்பே ஏன் ஒருவரும் செய்யவில்லை என்று கேட்கத் தோன்றும். எளிய பொருள் முடிந்த பிறகுதான் எளிதாகத் தோன்றும் என்பதே விடை. கதவின் எடை, கட்டியின் எடை, சங்கிலியின் உராய்வு, கிணற்றின் அகலம், நீர் நுழையும் வழியின் அளவு, வடியும் வழியின் அளவு ஆகிய இத்தனையும் ஒன்றோடொன்று இசைந்தாலன்றி அக்கதவு அசையாது. அல்லது அசையக்கூடாத நேரத்தில் அசையும். மனிதன் நிற்கும் இடத்தில் தவறு நேர்ந்தால் அவன் திருத்திக்கொள்வான். மனிதனை நீக்கியபின் தவறைத் திருத்த யாருமில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே எண்ணியிருக்க வேண்டும். காகிதத்தில் பட்ட பாடுதான் அணையில் எளிமையாக நின்றது.

பம்பாய்ப் பணியில் இந்தியர் ஒருவர் தலைமைப் பொறியியலர் ஆவது அந்நாளில் நடவாத செயல். 1908-இல் அப்பணியிலிருந்து விலகினார். அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் மூசி ஆறு பொங்கி ஐதராபாத்தைச் சூறையாடியது. நிஜாம் அரசு அவரை அழைக்க, ஊருக்கு மேலே நீரைத் தேக்கி வெள்ளத்தை அடக்கும் திட்டத்தை வகுத்துத் தந்தார். உஸ்மான் சாகரும் இமாயத் சாகரும் அதன் விளைவுகள். பணி முடியுமுன்னே மைசூர் அழைத்தது. 1909 நவம்பரில் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியியலரானார்.

காவிரிக் கதையைத் தமிழ் மாணவர் இதழில் எழுதும்போது சற்று நிதானம் வேண்டும். 1902 முதல் சிவசமுத்திரத்திலிருந்து கோலார்ச் சுரங்கத்திற்கு மின்சாரம் சென்றுகொண்டிருந்தது. கோடையில் ஆறு மெலிந்தால் மின்சாரமும் மெலியும். மண்டியாப் பகுதியோ வறண்ட நிலம். இரண்டிற்கும் ஒரே மருந்தாகக் கண்ணம்பாடியில் அணை என்றார் விசுவேசுவரய்யா. அவர் விரும்பியது சுமார் 41.5 டி.எம்.சி. கொள்ளும் அணை. சென்னை அரசு இசைந்தது 11 டி.எம்.சி. அளவுள்ள முதற்கட்டத்திற்கே. 1911-இல் வேலை தொடங்கியபோது, அடித்தளம் முழு உயரத்திற்கும் ஏற்ற அகலத்தில் இடப்பட்டது. பொறியியல் நோக்கில் அது சரியான முடிவு. குறுகிய அடித்தளத்தின்மேல் பின்னர் உயர்த்த இயலாது. தஞ்சை உழவன் நோக்கிலோ, அந்த அகலமே ஓர் அச்சுறுத்தல். நடுவர் கிரிஃபின் 1914-இல் தீர்ப்பளித்தார், சென்னை ஏற்கவில்லை, இங்கிலாந்து வரை வழக்காடியது. 1924 பிப்ரவரி 18-இல்தான் உடன்பாடு கையெழுத்தாயிற்று. அதன்படி கண்ணம்பாடிக்கு 44.8 டி.எம்.சி.; மேட்டூரில் 93.5 டி.எம்.சி. கொள்ளும் அணை கட்டச் சென்னைக்கு வழி. மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது.

நீரைப் பங்கிட மட்டும் தானே திறக்கும் கதவு இன்றுவரை கிடைக்கவில்லை. 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் அதன் தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று கதை நீண்டது. நல்ல மழை பெய்த ஆண்டில் நாம் சண்டையை மறப்பதும், பொய்த்த ஆண்டில் நினைப்பதும் இரு கரையிலும் பழகிப்போனவை.

அணையின் கட்டுமானத்திலும் அவர் போக்கு தெரிகிறது. சிமெண்டு அந்நாளில் பெரிதும் கடல் கடந்து வந்த பொருள், விலையும் அதிகம். இங்குள்ள சுண்ணாம்போடு செங்கற்பொடி கலந்த சுர்க்கிக் காரையாலேயே அப்பெருஞ்சுவர் எழுப்பப்பட்டது. நம் பாட்டனார் வீடு கட்டிய காரைக்கு அது நெருங்கிய உறவு. அணை 1931-இல் நிறைவேறியது. அதை ஒருவர் தனியே கட்டினார் என்று சொல்வது முறையன்று. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் பொருளும் துணிவும் தந்தார். விசுவேசுவரய்யாவுக்குப் பின்னும் பல பொறியியலர்கள் பொறுப்பேற்றனர். ஆயிரக்கணக்கான கூலியாட்கள் உழைத்தனர். பழைய கண்ணம்பாடி உள்ளிட்ட ஊர்கள் நீரில் மூழ்கின.

1912-இல் அவர் திவானானார். பதவியேற்குமுன் உறவினர்களை விருந்துக்கு அழைத்து, தம்மிடம் எவரும் சலுகை கேட்டு வரலாகாது என்று உறுதி பெற்றார் எனச் சொல்வர். ஆறே ஆண்டுகளில் மைசூர் வங்கி, கன்னட சாகித்திய பரிஷத்து, பெங்களூர்ப் பொறியியல் கல்லூரி ஆகியவை தோன்றின. நாம் பயிலும் இப்பல்கலைக்கழகம் 1916 ஜூலை 27-இல் பிறந்தது. சமஸ்தானமொன்றில் எழுந்த முதற்பல்கலைக்கழகம் இதுவே. முதல் உலகப்போரால் சந்தனக் கட்டை ஐரோப்பாவுக்குப் போக வழியடைந்தபோது, கட்டையை ஏன் அனுப்ப வேண்டும், எண்ணெயை இங்கேயே வடித்தால் என்ன என்று எழுந்த முயற்சியின் பயனைத்தான் நாம் சந்தன சோப்பாகத் தேய்த்துக் குளிக்கிறோம்.

அவரிடம் வேலை பார்ப்பது எளிதன்று. திட்டம் கொண்டுவருபவர், எதற்கு, எவ்வளவு செலவு, எந்நாளில் முடியும் என்ற மூன்றுக்கும் சுருக்கமாக விடை வைத்திருக்க வேண்டும். தம் உரைகளையும் அறிக்கைகளையும் பலமுறை திருத்தித் திருத்தி எழுதுவார். கதவிலே தேவையற்ற திருகாணி எப்படியோ, தாளிலே தேவையற்ற சொல்லும் அவருக்கு அப்படியே. தேர்வுத்தாளில் பக்கங்களை நிரப்பினால் மதிப்பெண் பெருகும் என்று நம்பும் நாம் அவர் மேசைமுன் நின்றிருந்தால் என்ன ஆகியிருப்போமோ!

இனி 1918. மைசூரில் அரசுப் பணிகளில் பெரும்பாலானவற்றைத் தொகையில் சிறிய பிராமண வகுப்பினரே வகித்து வந்தனர். மற்ற வகுப்பினர் தமக்கும் பங்கு வேண்டுமெனக் கேட்டனர். மன்னர் இதனை ஆராய நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்தார். விசுவேசுவரய்யா அதற்கு உடன்படவில்லை. கல்வியைப் பரப்புங்கள், தகுதி உடையவன் தானே மேலே வருவான், வகுப்பைக் கணக்கில் கொண்டால் ஆட்சியின் திறம் கெடும் என்பது அவர் கொள்கை. மன்னரோ குழுவின் பக்கம் நின்றார். அவ்வாண்டு இறுதியில் அவர் திவான் பதவியை விட்டு விலகினார்.

அவரைப் போற்றுவோர் இந்நிகழ்ச்சியைக் கொள்கை உறுதிக்குச் சான்றாகக் காட்டுவர். தூற்றுவோர் குலப்பற்றுக்குச் சான்றாகக் காட்டுவர். உறவினருக்கும் சலுகை மறுத்தவரைக் குலப்பற்றுடையவர் என்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. அவர் விரும்பியது இங்கும் ஒரு தானியங்கிக் கதவுதான்: தகுதி என்னும் மட்டம் எட்டினால் திறக்க வேண்டும், நடுவில் எந்த மனிதக் கையும் வேண்டாம். கேட்பதற்கு நேர்மையான ஏற்பாடு. ஆனால் முன்னே நினைவில் வைக்கச் சொன்ன தொகுதிப் பாசனத்தை இப்போது எண்ணிப் பாருங்கள். கால்வாயில் நீர் விட்டால் போதும், அது தானே கடைமடைக்குச் சேரும் என்று அந்த 1899-இல் அவர் நம்பவில்லையே! தலைமடைக்காரன் விடமாட்டான், முறை வைத்தால்தான் சேரும் என்று ஊர் ஊராகச் சென்று விளக்கியவர் அவரே அல்லவா? தலைமுறை தலைமுறையாக ஏட்டுக்கு அருகில் இருந்தவன் தலைமடைக்காரன். பள்ளி வாசலையே காணாதவன் கடைமடைக்காரன். நீருக்கு முறைவைத்த அறிவு, பதவிக்கு முறைவைக்க மறுத்துவிட்டது. கடக்வாஸ்லாவில் அவர் நீக்கியது தேவையற்ற ஒன்றை. இங்கே அவர் கணக்கிலிருந்து நீக்கியது, கணக்கின் நடுவிலேயே இருந்த ஒன்றை.

பதவி போனபின்னும் அவர் ஓயவில்லை. நட்டத்தில் தள்ளாடிய பத்ராவதி இரும்பு ஆலையை 1923 முதல் சில ஆண்டுகள் ஏற்று நடத்திச் செலவைக் குறைத்து நிமிர்த்தினார். தமக்குச் சேர்ந்த ஊதியத்தைப் பெங்களூரில் ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்திற்கு வழங்கினார். அதற்குத் தம் பெயரை இட உடன்படவில்லை. இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் வேண்டுமென 1934-இல் நூல் எழுதினார். 1955-இல் பாரத ரத்னா விருது வந்தது. 1960-இல் நாடே அவருடைய நூற்றாண்டைக் கொண்டாடியபோது, விழா நாயகர் மேடையில் அமர்ந்திருந்தார், அஞ்சல்தலையும் வெளியாயிற்று. அவர் பிறந்தநாள் இன்று பொறியியலர் நாள்.

அடுத்த ஆண்டு ஜூலை 12-ஆம் நாள், கடக்வாஸ்லாவுக்கு மேலே புதிதாக எழுந்துகொண்டிருந்த பான்ஷெத் அணை உடைந்தது. அந்த வெள்ளம் முழுவதும் ஒருசேர வந்து மோத, எந்தக் கதவாலும் விடமுடியாத அந்தப் பெருக்கின்முன் பழைய கடக்வாஸ்லா அணையும் உடைந்து, பூனா நகரம் நீரில் ஆழ்ந்தது. இளம் பொறியியலராக அந்த ஏரியின் கூடுதல் 8 அடி நீருக்குக் கணக்குப் போட்டவர், நூறு வயதைக் கடந்தவராக அப்போது பெங்களூரில் இருந்தார். ஒன்பது மாதங்களுக்குப் பின், 1962 ஏப்ரலில், அவர் காலமானார். முத்தேனஹள்ளியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. பெங்களூரிலிருந்து வடக்கே சுமார் 40 கல் தொலைவு. நந்தி மலைக்குச் செல்வோர் சற்று விலகிச் சென்று பார்த்துவரலாம்.